கத்திரி வெயிலுக்குக் கத்தரிக்கோல்

1. பாலைவனம்

சினிமாவில் காஸ்ட்யூமராக இத்தனை வருஷத்தில் நான் பார்த்த ஒரே பாலைவனம், குமணன்சாவடியைத் தாண்டி ஒரு காலி மைதானத்தில் இருந்தது. லாரி லாரியாக மணலைக் கொட்டி, மேடு மேடாக வாரி விட்டிருந்தார்கள். ராஜஸ்தான் போக பட்ஜெட் இல்லை.

"வெயில் இங்கியே ஓசில கிடைக்குது, எதுக்கு அவ்ளோ தூரம்?" என்றார் புரொடக்‌ஷன் மேனேஜர்.

வெயிலைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரிதான். மே மாதம், கத்திரியின் நடுப்பகுதி. பூந்தமல்லிப் பக்கம் கடற்காற்று எட்டிப் பார்ப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். அதுவரை வீசுவது அனல்தான்.

காட்சி இதுதான்: நாற்பது வணிகர்கள் ஒட்டகங்களோடு பாலைவனத்தைக் கடக்கிறார்கள். எல்லோருக்கும் கழுத்திலிருந்து கால்வரை கறுப்பு அங்கி, தலையில் முண்டாசு. நான் பருத்தி கேட்டேன். டைரக்டர் சின்னப் பையன், முதல் படம். "பளபளன்னு வேணும் மேடம், பாலியஸ்டர்ல போங்க" என்றார். போனோம்.

2. இட்லி

ஜூனியர் ஆர்ட்டிஸ்டுகளில் மூத்தவர் மேனாம்பேட்டு வரதன் அண்ணன். எந்த செட்டிலும் அவர் இருக்கும் மூலையில்தான் சிரிப்புச் சத்தம் கேட்கும். முதல் ரிகர்சல் முடிந்ததும் என்னிடம் வந்தார்.

"இன்னா கஸ்தூரிம்மா, அங்கியா தச்ச, இட்லிப் பானையா தச்ச? உள்ள வெந்துகினு கீறேன். இன்னும் கொஞ்ச நேரம் உட்டா சட்னி தொட்டு துன்னலாம்."

நாற்பது பேரும் சிரித்தார்கள். ஒட்டகங்கள் மட்டும் சிரிக்கவில்லை. அவை ஏற்கெனவே தண்ணீர் லாரியின் நிழலில் படுத்துவிட்டிருந்தன.

அடுத்த ரிகர்சலில் வரதன் அண்ணன் நடந்துகொண்டே இருந்தவர், ஒரு பக்கமாகச் சாய்ந்து மணலில் விழுந்தார். ஏதோ வேடிக்கை காட்டுகிறார் என்று பக்கத்திலிருந்தவர்கள் கைதட்டினார்கள். நான் ஓடிப்போய்த் தொட்டுப் பார்த்தேன். உடம்பு கொதித்தது. கூப்பிட்டால் பதில் இல்லை. நிழலுக்குத் தூக்கிப்போய் அங்கியைக் கழற்றி, மேலெல்லாம் தண்ணீர் ஊற்றி, ஈரத் துண்டைப் போர்த்தி, நாலு பேர் அட்டையால் விசிறினோம். மேனேஜர் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்.

அது வந்து சேர்வதற்குள் அவர் கண் திறந்து என்னைப் பார்த்தார்.

"ஷாட் ஓகேவா?"

ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றி, சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

3. வெட்டு

மிச்சமிருந்தவர்களை அதே அங்கியில் நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. அசோசியேட் டைரக்டரிடம் கேட்டேன். "கேமரா முன்பக்கம் மட்டும்தானே?"

"முன்பக்கம் மட்டும்தான்கா. சத்தியமா."

என் டெய்லர் பூந்தமல்லி யூசுப் பாய். கத்தரிக்கோலை எடுத்தார்.

"கஸ்தூரிம்மா, மனசறிஞ்சு சொல்றியா? முதுக பூரா வெட்டணுமா?"

"கழுத்துலேர்ந்து கால் வரைக்கும் பாய். நாடா வச்சு முடிஞ்சுக்கலாம்."

"கத்திரிக்குக் கத்திரிதான் மருந்துன்னு சொல்லு" என்று சிரித்துக்கொண்டே வெட்ட ஆரம்பித்தார்.

சாப்பாட்டு வேளை முடிவதற்குள் எல்லா அங்கிக்கும் முதுகு போய்விட்டது. முன்னாலிருந்து பார்த்தால் கம்பீரமான வணிகர் கூட்டம். பின்னாலிருந்து பார்த்தால் பனியன், கட்டம்போட்ட லுங்கி, அரை டிராயர். எல்லோர் முதுகிலும் ஈரத் துண்டு. காற்று உள்ளே புகுந்ததும் ஒருத்தர் ஆடவே தொடங்கிவிட்டார். முதல் ஷாட் ஒரே டேக்கில் ஓகே.

4. கேமரா திரும்பியது

அப்போதுதான் டைரக்டர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

"லைட் அட்டகாசமா இருக்கு! கேமராவ இந்தப் பக்கம் போடுங்க! எல்லாரும் நம்மள விட்டுத் தூரமா நடந்து போறாங்க!"

நான் வாயைத் திறப்பதற்குள் கேமரா இடம் மாறிவிட்டது. "ஆக்‌ஷன்!"

முப்பத்தொன்பது வணிகர்களும் திரும்பினார்கள். மானிட்டரில் முப்பத்தொன்பது பனியன்கள் பாலைவனத்தைக் கடந்தன.

டைரக்டர் மானிட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மேடம்... இது என்ன?"

அதற்குள் யூசுப் பாய் கத்தினார். "திருப்பிப் போடுங்கடா! முன்னாடிய பின்னாடி போடு!"

அவ்வளவுதான். எல்லோரும் மணலில் குதித்துக் குதித்து அங்கியைத் திருப்பினார்கள். வெட்டிய பக்கம் நெஞ்சுக்கு வந்தது, வெட்டாத பக்கம் முதுகுக்குப் போனது. கழுத்து இறக்கத்தை முண்டாசுத் துணியால் மறைத்தோம். ஒருத்தர் அவசரத்தில் நாடாவைப் பக்கத்திலிருந்தவர் நாடாவோடு சேர்த்து முடிந்துவிட்டார். இரண்டு பேரும் கடைசிவரை ஒட்டியபடியே பாலைவனத்தைக் கடந்தார்கள். படத்தில் அது ரொம்ப உருக்கமாக வந்திருக்கிறது.

"கட்! ஓகே!" என்று சொல்லிவிட்டு டைரக்டர் மணலில் உட்கார்ந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார். "அந்தப் பெரியவர் எப்படி இருக்கார்?"

மறுநாளிலிருந்து விடியற்காலையிலும் சாயங்காலத்திலும் மட்டும்தான் ஷூட்டிங். நடுப்பகலில் எல்லோருக்கும் பந்தல் நிழல், மோர், தர்பூசணி.

5. கற்றது

கேமராவுக்கு ஒரு பக்கம்தான் தெரியும், வெயிலுக்கு எல்லாப் பக்கமும் தெரியும். இப்போதெல்லாம் யாராவது கதை சொல்ல வந்தால், "எந்த மாசம் எடுக்கறீங்க?" என்பதுதான் என் முதல் கேள்வி. மே என்று சொன்னால் பருத்திதான். டைரக்டர் யாராக இருந்தாலும் சரி.

அந்த டைரக்டர் என்னோடு வாதாடவே மாட்டார். அந்தப் படத்தின் கடைசி நாள் ஷூட்டிங்கில் அவர் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு மானிட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். பின்னால் போய்ப் பார்த்தேன். முதுகு இல்லை.

"சூப்பரா இருக்கு மேடம்" என்றார், திரும்பாமலே.