ராஜாத்தி அக்கா சங்கிலி போன வழி

பிள்ளைகளா, நாமக்கட்டியை உரைத்துக் கன்னத்தில் பற்றுப் போட்டால் முதலில் சில்லென்று இருக்கும். காயக் காயத் தோல் இழுத்துப் பிடித்துக்கொள்ளும், சிரிக்கக்கூட முடியாது. எனக்கு ஒன்பது வயதில், ஆவடி பாக்டரி குவார்ட்டர்ஸில் நாங்கள் இருந்தபோது, எங்கள் பிளாக்கில் பாதிப் பிள்ளைகள் அப்படி வெள்ளைக் கன்னத்தோடு ஜன்னலில் நின்றார்கள். காதடியில் வீங்கும் அந்த நோய்க்குப் "பொன்னுக்கு வீங்கி" என்று பெயர். கழுத்தில் பொன் போட்டால் வீக்கம் வற்றும் என்று நம்பிக்கை. பிளாக்கில் கனமான சங்கிலி இருந்தது ராஜாத்தி அக்காவிடம் மட்டும். யார் கேட்டாலும் கழற்றிக் கொடுத்துவிடுவார்.

டிஸ்பென்சரியிலிருந்து எஸ்தர் சிஸ்டர் நோட்டும் கையுமாக வந்தார். யாருக்கு என்றைக்கு வீங்கியது என்று தெரிந்தால்தான் அது அடுத்து எங்கே போகும் என்று சொல்ல முடியும். ஆனால் குவார்ட்டர்ஸில் பல ஊர்க்காரர்கள். "பொன்னுக்கு வீங்கி யாருக்காச்சும் கீதா?" என்று கேட்டால் திருநெல்வேலி வீட்டில், "அதெல்லாம் இல்ல சிஸ்டர், இவனுக்கு அம்மக்கட்டுல்லா" என்றார்கள். சேலத்து வீட்டில் அதுவே "புட்டாலம்மைங்க". மூன்று நாள் அலைந்தும் நோட்டில் நான்கே பெயர்.

நான்காம் நாள் சிஸ்டர் கேள்வியை மாற்றினார். "ராஜாத்தி சங்கிலி உங்க ஊட்டுக்கு என்னிக்கு வந்துச்சி? இங்கேருந்து எங்க போச்சி?" நோய் இல்லை என்றவர்கள் நகையை மறைக்கவில்லை, பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தோம் என்று நாளும் கிழமையும் சொல்ல முந்தினார்கள். சாயங்காலத்துக்குள் ஒரு பக்கம் நிறைந்தது. கடைசி இரண்டு நாள் மட்டும் சங்கிலி எங்கே என்று யாரும் சொல்லவில்லை.

அது என் சட்டைக்குள் இருந்தது; யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டு அம்மா ராஜாத்தி அக்காவிடம் வாங்கி வந்திருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை என் அக்காவைப் பெண் பார்க்க அண்ணனூரிலிருந்து வருவதாக இருந்தார்கள். இரண்டு இடம் தட்டிப்போன பிறகு அமைந்த இடம். வீக்கம் வெளியே தெரிந்தால் வராமல் போய்விடுவார்களோ என்று அம்மா என்னை உள்ளறையில் படுக்க வைத்திருந்தார்.

பிளாக்கில் கேட்காமல் மிச்சமிருந்த ஒரே வீடு எங்களுடையது; சிஸ்டர் வாசலுக்கு வந்துவிட்டார். "புள்ள எங்க?"

"பல்லு வலி சிஸ்டர், படுத்துகினு கீறான்" என்றார் அம்மா.

"பல்லு வலிக்கு சங்கிலி போட்ற ஊட்ட இப்பதான் பாக்கறேன்."

கூட வந்த ராஜாத்தி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிஸ்டர் சிரிக்கவில்லை. "இது வயசுப் பசங்களுக்கு வந்தா ரொம்ப பேஜாரும்மா. மாப்ளைக்குத் தொத்திக்கிச்சின்னா அவங்க ஊட்டுக்கு இன்னா பதில் சொல்லுவ?"

அடுப்படியிலிருந்து என் அக்கா வந்தாள். "பத்து நாள் கழிச்சி வரச் சொல்லும்மா. அதுக்கே வராதவங்க எனக்கு வாணாம்."

நோட்டில் என் பெயர் ஏறியது. பத்து நாள் கழித்து அவர்கள் வந்தார்கள். அந்த மாப்பிள்ளைதான் உங்கள் மாமா.

இப்போது பாரிவாக்கத்தில் நம் அடுக்குமாடியில் படியேறி வந்து கேட்க ஒரு சிஸ்டர் இல்லை. எதிர்வீட்டுக்காரர் பெயரே பலருக்குத் தெரியாது. போன வாரம் நம் சின்னவளுக்குக் கன்னம் வீங்கி, டாக்டர் அதே பொன்னுக்கு வீங்கிதான் என்று சொன்னதும், அவள் போகவிருந்த பக்கத்து வீட்டுப் பிறந்தநாள் விழாவை நினைத்து, வெறும் காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா என்று எனக்கே ஒரு நிமிடம் தோன்றியது. நீங்கள் டிவி பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் ஒரு தாளில் நம் வீட்டு எண்ணையும், நோயின் பெயரையும், வீக்கம் தொடங்கிய நாளையும் பெரிய எழுத்தில் எழுதி, கீழே இறங்கிப்போய் லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு வந்தேன்.