டாக்டர் லில்லியும் முழங்கால் ஊசியும்

சென்ற செவ்வாய்க்கிழமை குரோம்பேட்டை ரயில் நிலையத்தில் இறங்கியபோது கீழ்க்கட்டளை முனுசாமி எதிரே வந்தார். எங்கள் மருத்துவமனையில் முழங்கால் வலிக்குச் சிகிச்சை பெற்ற விவசாயி. "சார், லில்லி டாக்டரம்மா பூட்டாங்க. காலைல மாரடைப்பாம். உனக்கு யாரும் சொல்லலியா?" என்றார். அவரே என் கையைப் பிடித்து பெஞ்சில் உட்கார வைத்தார்.

டாக்டர் லில்லி தேவசகாயத்தை அறிந்தவர்களுக்கு அவருடைய கண்டிப்பும் தெரியும், கேலியும் தெரியும். தாம்பரத்தில் நாங்கள் வேலை பார்த்த சிறிய மருத்துவமனையில் அவர் மூட்டு நோய்களைக் கவனித்தார், நான் பிசியோதெரபிஸ்ட். முழங்கால் தேய்ந்து வருகிறவர்களுக்கு வலி மாத்திரையைத் தவிர கொடுக்க ஒன்றுமில்லை என்பது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த மாத்திரையும் பலருக்கு வயிற்றைப் புண்ணாக்கியது. உடம்பில் ஊசி குத்தி வலி போக்கும் சீனத்து அக்குபங்சரைப் பற்றி எல்லோரும் பேச ஆரம்பித்த காலம். விடுப்பெடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போய் அதைக் கற்றுவந்தார். வந்ததும் என்னிடம் சொன்னார்: "இது வேலை செய்யணும்னு எனக்கு ரொம்ப ஆசையா இருக்கு, ஜெயராஜ். அதனாலேயே என்னை நம்ப முடியாது. சோதிச்சுப் பாத்துடலாம்."

முழங்கால் வலியோடு வந்தவர்களில் பாதிப் பேருக்கு முறையான இடங்களில் ஊசி. மீதிப் பேருக்குப் பாடத்தில் இல்லாத இடங்களில், மேலோட்டமாக. யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தார். நோயாளிகளிடம் முன்னாலேயே இதைச் சொல்லிச் சம்மதம் வாங்கினார். தங்களுக்கு எந்த ஊசி என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது. வலி எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பதிவு செய்வது என் வேலை என்பதால் எனக்கும் தெரியக்கூடாது.

என் அக்கா மேரியும் அதில் சேர்ந்தாள். பல்லாவரத்தில் பள்ளி ஆசிரியை. ஸ்டேஷன் படி ஏற முடியாமல் வேலையை விட்டுவிட யோசித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் மட்டும் வேறொரு நர்ஸ் விசாரிக்கட்டும் என்றார் டாக்டர். "அக்காவுக்காவது சரியான ஊசியா போடுங்க டாக்டர்" என்று கேட்டேன். "எது சரியான ஊசின்னு தெரிஞ்சா நான் எதுக்கு இவ்வளவு பாடுபடறேன்?" என்றார்.

சில வாரங்களில் அக்கா படியேறினாள். வீட்டு ஜெபத்தில் டாக்டருடைய பெயரையும் சேர்த்துக்கொண்டாள்.

எல்லாம் முடிந்து சீட்டுகளைப் பிரித்துப் பார்த்தபோது, முறையான ஊசி போட்டவர்களுக்கு வலி குறைந்திருந்தது. மற்றவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு குறைந்திருந்தது. அக்கா அந்த மற்றவர்களில் ஒருத்தி.

டாக்டர் எல்லோரையும் வரவழைத்து உள்ளபடி சொன்னார். அக்காவின் முகம் சுண்டிப்போயிற்று.

"அப்ப என் வலி பொய்யா, டாக்டர்?"

"வலி நிஜம், டீச்சர். குறைஞ்சதும் நிஜம். குத்துற இடத்துலதான் எல்லாம் இருக்குன்னு நான் நினைச்சேன் பாருங்க, அதுக்குத்தான் ஆதாரம் கிடைக்கல."

முடிவுகளை வாசிக்கப் போன மருத்துவர்கள் கூட்டத்தில் ஒருவர், "அந்த ரெண்டாவது குரூப்பை விட்டுட்டு, முறையா ஊசி போட்டவங்களை மட்டும் சொல்லுங்களேன். பேப்பர்ல வரும்" என்றார். "வந்துட்டா அப்புறம் யார் அதை நிறுத்தறது?" என்று கேட்டுவிட்டு, டாக்டர் முழுவதையும் வாசித்தார். எத்தனை ஆசையை அன்று அவர் கைவிட்டார் என்பது பக்கத்தில் இருந்த எனக்குத் தெரியும்.

மறுவாரமே என் அறைக்கு வந்தார். "வலி குறைஞ்சிருக்கிற இந்த நேரத்துல தொடைக்குப் பலம் ஏத்திடணும். உங்க பயிற்சியை எல்லாருக்கும் சொல்லிக்குடுங்க." அக்கா அதை இன்றும் செய்கிறாள், வேலைக்கும் போகிறாள். முனுசாமி வயலில் இறங்குகிறார். பயிற்சியால்தானா என்று கேட்டால், "அதையும் சோதிக்கணும்" என்று டாக்டர் சிரிப்பார்.

அவரை அடக்கம் செய்த மறுநாள், முழங்காலைப் பிடித்தபடி ஓர் அம்மா என் அறைக்கு வந்தார். "இந்த எக்சர்சைஸ் செஞ்சா வலி போயிடுமா சார்?"

இந்த வேலைக்கு வந்த புதிதில் "கண்டிப்பா" என்றுதான் சொல்வேன். இப்போது, "தெரியலம்மா. செஞ்சு பாப்போம். குறையலன்னா மறைக்காம சொல்லுங்க" என்றேன். அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, காலை நீட்டினார்.

கூசாமல் 'தெரியல' என்று சொல்லும் தைரியம்: டாக்டர் லில்லியிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அதுதான்.