விடச் சொல்லாத மூச்சு

மற்றவர்களின் படபடப்பைக் குறைப்பதுதான் என் உத்தியோகம். என்னுடையதை வீட்டில் வைத்துவிட்டு வரவேண்டும் என்பது அதன் எழுதாத விதி. திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு கிளினிக்கில் கிழமைக்கு ஒருநாள் வகுப்பு எடுக்கிறேன். ஒன்பது பேர் வருவார்கள். மாத்திரை டொக்டரின் பாடு. மூச்சுப் பயிற்சி, நடை, நேரத்துக்கு நித்திரை எல்லாம் என் பாடு.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற என் மனுசன் போன வருடம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார் என்று ஒரு போன் வந்தது. அவர் சுகமாகி வேலைக்கும் போய்விட்டார். நான்தான் இன்னும் சுகமாகவில்லை. போன் அடித்தால், எடுப்பதற்குள் செத்தவீடு வரை யோசித்து முடித்துவிடுவேன். வகுப்புக்கு இது தெரிந்தால், இவளுக்கே இந்தக் கதியென்றால் எங்களுக்கு என்னத்தைச் சொல்லித் தரப்போகிறாள் என்று எழும்பிப் போய்விடுவார்கள். அந்தப் பயம் வேறு. முகட்டைப் பார்த்துக்கொண்டு விடிய விடியக் கிடக்கிற சகபாடிகளே, உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

மூச்சு

சல்லிக் கிராமத்தைச் சேர்ந்த செல்வம், கடலின் அடியில் மூழ்கிக் கடலட்டை எடுக்கிற சுழியோடி. கூடப் போன சிநேகிதன் ஒருநாள் மேலே வரவில்லை. அதற்குப் பிறகுதான் இவர் எங்களிடம் வந்தார்.

முதல் வகுப்பில், “மூச்சை இழுங்கள், பிடியுங்கள்” என்றேன். நாலு எண்ணி விடச் சொல்வதற்குள் என் போன் அடித்தது. யாரோ இலக்கம் மாறி எடுத்திருந்தார்கள். அதை ஒருவழியாக நிறுத்திவிட்டுத் திரும்பினால், மற்றவர்கள் எப்போதோ மூச்சை விட்டுவிட்டுக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். செல்வம் மட்டும் கன்னம் உப்ப அப்படியே இருந்தார். பதறிப்போய்த் தோளில் தட்டினேன். ஆறுதலாக விட்டுவிட்டுச் சொன்னார்: “நீங்கள் விடச் சொல்லேல்லையே, மிஸ்.”

நடை

இராசையா ஐயா லிங்கநகரில் இருக்கிறார், ஓய்வுபெற்ற கிளாக்கர். தினமும் காலையில் அரைமணித்தியாலம் நடக்கச் சொன்னேன். ஒரு கிழமையில் படபடப்புக் கூடிப்போய் வந்து நின்றார். காரணமில்லாமல் நடக்கிற மனுசனை எங்கள் ஊர் சும்மா விடாது. எங்கே போறியள், என்ன வருத்தம், வீட்டில் ஏதும் பிரச்சினையோ என்று ஒவ்வொரு ஒழுங்கை முனையிலும் விசாரணை. பதில் சொல்லிச் சொல்லியே மனுசன் களைத்துவிட்டார்.

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். கையில் ஒரு பை. சந்தைக்குப் போகிறவரை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. அடுத்த கிழமை முகம் தெளிந்திருந்தது, ஆனால் ஒரு முறைப்பாடு மிச்சம் இருந்தது. “வெறும் பையோட திரும்பினாலும் கேக்கினம், மிஸ். இப்ப ஒவ்வொரு நாளும் மீன் வாங்கிறன், மனுசி ஏசுறா.”

திறப்பு

பிலோமினா அக்காவின் மனுசன் கிழமைக் கணக்கில் ஆழ்கடலுக்குப் போகிறவர். அவர் கரை சேரும்வரை அக்காவுக்கு நித்திரை இல்லை. படுக்கைக்குப் பக்கத்தில் போன் வேண்டாம், அலுமாரிக்குள் வையுங்கள் என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருந்தது. என் போன் என் தலையணைக்குக் கீழே.

சொன்னபடி செய்தீர்களா என்று கேட்டேன். “ஓம் மிஸ், அலுமாரியில வைச்சுப் பூட்டினனான். பிறகு திறப்பைக் கையில பிடிச்சுக்கொண்டு விடியுமட்டும் இருந்தனான்.”

கதிரை

வகுப்பில் அவர்கள் வட்டமாகக் கதிரைகளில் இருப்பார்கள், நான் நின்றுதான் சொல்லிக்கொடுப்பேன். போன மாதம் அப்படி நிற்கும்போது போன் அடித்தது. துறைமுகத்து இலக்கம். போன வருடம் வந்ததும் அதே இலக்கம்தான். காதில் வைத்தேன். மறுபக்கம் என் மனுசன். தன்னுடைய போனை வீட்டில் விட்டுவிட்டாராம், அதைச் சொல்ல எடுத்தாராம்.

போனை வைத்த பிறகும் என்னால் அசைய ஏலவில்லை, இழுத்த மூச்சையும் விடவில்லை. ஒன்பது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடிந்தது கதை என்று நினைத்தேன். பிலோமினா அக்கா ஒரு கதிரையை இழுத்து வட்டத்துக்குள் போட்டு என்னை இருத்தினார். இராசையா ஐயா மீன்பையால் விசிறினார். செல்வம் என் முகத்தையே பார்த்தபடி, மெதுவாக நாலு வரை எண்ணினார்.

“இப்ப விடுங்கோ, மிஸ்.”

ஒருவரும் எழும்பிப் போகவில்லை. வகுப்பில் இப்போது என்னோடு பத்துப் பேர், அதில் ஒருநாளும் பிந்தாமல் வருகிறவள் நான் ஒருத்திதான்.