ஏழாம் எண் கூண்டு பாடிய சிலுவை

சிலுவையின் இரண்டு கைகளிலும் மைதாப் பசை. காலி முட்டை அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, பின்பக்கம் பசை தடவி, மாடி அறைச் சுவரில் அழுத்தி, அது பிடிக்கும்வரை உள்ளங்கையால் தாங்கிக்கொண்டு நின்றான். மூன்று சுவர்கள் முடிந்திருந்தன. அட்டை ஒட்டினால் சத்தம் வெளியே போகாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். போகத்தான் செய்யும். அறைக்குள் எதிரொலி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

"இனிமே கீழ பெரியவருக்குத் தொந்தரவு இருக்காது, சிஸ்டர்" என்றான்.

"அவருக்கு எப்பம்லே தொந்தரவு இருந்துச்சு? சத்தம் நின்னாத்தான் கட்டிலத் தட்டுதாரு" என்றேன்.

வீடு முத்தையாபுரத்தில், துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ரெக்ஸின் வீடு. கீழே படுத்திருப்பவர் அவன் அப்பா ஜோன்ஸ். பக்கவாதம் வந்து வலக்கையும் பேச்சும் போயின. பேச்சில் மிச்சமிருப்பவை நாலைந்து சொற்கள். அதில் இரண்டு கெட்ட வார்த்தைகள். நான் வீட்டு நர்ஸ். காலை எட்டிலிருந்து மாலை ஆறுவரை அவரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மாடியில் ரெக்ஸின் ராக் குழு பயிற்சி செய்யும். அதன் பெயர் கச்சான். ஆனி ஆடியில் மணலை வாரி முகத்தில் அடிக்குமே, அந்த மேல்காற்றின் பெயர். வாசிப்பதும் அப்படித்தான் இருக்கும்.

ரெக்ஸ் கிட்டார். கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் வேலை செய்யும் ரீனா டிரம்ஸ். பேஸ் கிட்டார் தங்கப்பாண்டி. ஆற்றங்கரைப் பக்கம் நெல் விளைகிற ஊர்க்காரன், நாளுக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். பாடியவன் அனிஷ். கோயில் பாடற்குழுவில் வளர்ந்த குரல், கழுவித் துடைத்த கண்ணாடி டம்ளர் மாதிரி. அவன் குரலில்தான் இவர்களின் முதல் ஆல்பம் வந்தது. தூத்துக்குடியில் கல்லூரிப் பிள்ளைகள் அதைக் கேட்டார்கள், திருநெல்வேலியிலும் கொஞ்சம் பேர் கேட்டார்கள். பிறகு அனிஷுக்குக் கப்பலில் வேலை கிடைத்தது. போய்விட்டான்.

பாடகன் இல்லாமல் குழு ஏழு மாதம் சும்மா கிடந்தது. ஒரு சனிக்கிழமை ரெக்ஸ் திரேஸ்புரம் கரைக்கு விளமீன் வாங்கப் போனான். மீனை மறந்துவிட்டு ஆளோடு வந்தான்.

அந்த ஆள்தான் சிலுவை. முப்பத்தொன்பது வயது. நாட்டுப்படகு மீன்களை ஏலம் விடுகிறவன். அப்பா சங்கு குளித்தவர். சிலுவையும் பத்தொன்பது வயதில் குளிக்கப் போய், நாலாவது நாளே இடது காது சவ்வு கிழிந்து மேலே வந்தான். அந்தக் காது இன்றுவரை செவிடு. கடலுக்கு இனி லாயக்கில்லை என்றதும் கரையில் ஏலம் போட நின்றான். காற்று, படகு எஞ்சின், பெண்களின் சண்டை, நாய்கள் எல்லாவற்றுக்கும் மேலே அவன் குரல் கேட்கும். கரகரவென்று, ஆனால் உடையாமல், மூன்று மணி நேரம். ரெக்ஸ் அங்கேயே நின்று கேட்டிருக்கிறான்.

முதல் நாள் அவனைப் பாடச் சொன்னார்கள். மாதா கோயில் பாட்டு ஒன்று பாடினான். சகிக்கவில்லை. ரீனாதான், "அண்ணே, பாடாதீங்க. ஏலம் விடுங்க" என்றாள். அவள் டிரம்ஸ் அடிக்க, இவன் நடுவில் நின்று இல்லாத ஒரு பெட்டி சீலா மீனை ஏலம் விட்டான். அவன் நிறுத்தியதும் கீழே ஜோன்ஸ் இடக்கையால் கட்டிலைத் தட்டினார். அன்றைக்கே அவனைச் சேர்த்துக்கொண்டார்கள்.

அவன் மனைவி மெட்டில்டா இறால் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். "கரையில கத்துனது போதாம அங்கனயும் போய்க் கத்தணுமா?" என்று கேட்டாளாம். அதையே நானும் கேட்டேன். அவன் தொண்டையைப் பார்த்து, உப்புத் தண்ணீர் கொப்பளிக்கச் சொல்லிக்கொண்டிருந்த நாள் அது.

"கரையில நான் கத்துறதெல்லாம் பத்து மணிக்குக் காத்தோட போயிருது சிஸ்டர். இருபது வருசமாக் கத்துதேன், ஒண்ணு மிச்சமில்ல. இந்த ஆல்பத்துல எட்டுப் பாட்டு. இதாவது கிடக்கட்டுமே."

நான் உப்புத் தண்ணீர் டம்ளரை நீட்டினேன்.

ஆல்பத்தின் பெயர் 'ஏழாம் எண் கூண்டு'. புயல் வந்தால் துறைமுகத்தில் ஏற்றுவார்களே, அந்த எச்சரிக்கைக் கூண்டு. ஒன்றரை வருடம் உழைத்தார்கள். ரெக்ஸின் ஷிப்ட், ரீனாவின் அலுவலகம், சிலுவையின் ஏலம், தங்கப்பாண்டிக்கு வீட்டில் நாற்று நடுவை, இவை எல்லாவற்றுக்கும் நடுவில் கிடைத்த மதியங்களில்தான் வேலை. எட்டுப் பாட்டுக்கும் வாத்தியங்களைப் பதிந்து முடித்தார்கள். ஐந்துக்கு சிலுவை பாடியும் ஆயிற்று. மூன்று பாக்கி. அடுத்த வாரம் எல்லாவற்றையும் சென்னையில் இருக்கும் ஒலிக்கலவை ஆளுக்கு அனுப்ப வேண்டும்.

அந்த நேரம் பார்த்து அனிஷ் விடுமுறையில் வந்து இறங்கினான்.

வியாழக்கிழமை. நான் ஜோன்ஸை இடப்பக்கம் புரட்டி முதுகுக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தேன். ரெக்ஸ் வந்து கதவோரம் நின்றான். நின்ற விதத்திலேயே ஏதோ கேட்கப்போகிறான் என்று தெரிந்தது.

"சிஸ்டர், சிலுவை தொண்டை எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"கொஞ்சம் வீக்கம் மாதிரி இல்ல?"

"இல்ல."

"இல்ல, நீங்க சொன்னா அவன் கேப்பான். ஒரு மாசம் பாடக் கூடாதுன்னு நீங்க சொல்லிட்டியள்னா..." தலையைச் சொறிந்தான். "அனிஷ் வந்திருக்கான். பழைய ஆளுங்க எல்லாம் அவன் குரலத்தான் கேக்காங்க. எட்டையும் அவன் பாடிட்டா ஆல்பம் நிக்கும். சிலுவை பின்பாட்டுக்கு இருக்கட்டும். எனக்கு அவன் மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியல."

"நல்லா இருக்குத தொண்டைய நோயின்னு சொல்ல எனக்கு யாரும் பயிற்சி குடுக்கல. நீதான அவனக் கூட்டிட்டு வந்த? நீயே சொல்லு."

"போலே" என்றார் ஜோன்ஸ். அது அவருடைய மிச்சச் சொற்களில் ஒன்று. மகனைப் பார்த்துத்தான் சொன்னார்.

வெள்ளிக்கிழமை மதியம் எல்லோரும் வந்தார்கள். அனிஷ் எல்லோருக்கும் மக்ரூன் வாங்கி வந்திருந்தான். நல்ல பிள்ளை, அதில் குறை சொல்ல முடியாது. ஜோன்ஸ் உறங்கிக்கொண்டிருந்ததால், ஆவி பிடிக்கும் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு நானும் மேலே போனேன். ரெக்ஸ் தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தான்.

சிலுவை சத்தம் போடவில்லை. செவிட்டுக் காதுப் பக்கம் யாரோ பேசியது போலத் தலையைத் திருப்பி, "இன்னொரு மட்டம் சொல்லு" என்றான். பாவம், ரெக்ஸ் இன்னொரு முறை சொன்னான்.

"அப்ப நான் பாடுன அஞ்சு?"

"அழிக்க மாட்டோம்லே. வச்சிருப்போம்."

"எங்கன? உன் அலமாரியிலயா?"

சிலுவை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். "சரி. அனிஷ் பாடட்டும். நல்லா இருந்துச்சுன்னா நானே பின்பாட்டு பாடுதேன். ஆனா நான் இங்கனயே இருந்து கேப்பேன்."

அனிஷ் ஹெட்போனை மாட்டினான். பாக்கி மூன்றில் ஒன்று, பதிந்து வைத்த வாத்தியங்கள் ஓட ஆரம்பித்தன. வார்த்தைகள் காகிதத்தில் இருந்தன. முதல் வரி எடுத்தான். எனக்கு ராக் பிடிக்காது; ஆனாலும் அந்தக் குரல் அழகுதான். வரி முடிந்து மூச்சு வாங்கினான். இரண்டாவது வரி எடுக்கும்போது பாட்டு அவனை விட்டு ஒரு எட்டு முன்னால் போயிருந்தது. ஓடிப் பிடித்தான். மூன்றாவதில் மறுபடி விட்டான்.

"ஏளா ரீனா, உனக்கு என்ன அவசரம்? கடைசி பஸ்ஸா போயிட்டிருக்கு?" என்றான் அனிஷ்.

"நீங்கதான் அண்ணே வரி முடிஞ்சதும் இறங்கி டீ குடிக்கப் போயிருதீங்க."

பதிந்தது வேண்டாம், எல்லோரும் புதிதாக வாசிக்கலாம் என்றான் ரெக்ஸ். முதல் ஆல்பத்தில் வாசித்த மாதிரி, வரிக்கும் வரிக்கும் நடுவே நாலு எண்ணிவிட்டு அடிக்கச் சொன்னான். ரீனா சரி என்றாள். முதல் வரி முடிந்ததும் இரண்டிலேயே அடித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். இந்த முறை அவள் நாலு எண்ணினாள். ரெக்ஸின் கிட்டார் இரண்டில் குதித்தது.

"நான் சரியாத்தான் அடிச்சேன்" என்றாள் ரீனா. "இப்ப யாரு பஸ்ஸப் பிடிக்கப் போறா?"

மூன்றாவது முறை ரீனா, ரெக்ஸ் இருவரும் சரி. தங்கப்பாண்டி நின்றுவிட்டு, "நானும் ரெண்டுலதான் வாறேன்" என்றான். அன்றைய பேச்சு அவனுக்கு அதோடு முடிந்தது.

ரெக்ஸ் பழைய பதிவையும் புதியதையும் மாற்றி மாற்றிக் கேட்டான். பிறகு சிலுவையைப் பார்த்தான். "ஏலே, நீ ஏன் ஒரு வரி முடியுமுன்ன அடுத்தத எடுக்க?"

"நானா? அப்படியா எடுக்கேன்?" அவனுக்கே தெரியவில்லை. யோசித்துவிட்டுச் சிரித்தான். "கரையில நடுவுல மூச்சு விட்டா அவ்வளவுதான்லே. வாங்க வந்தவன் யோசிச்சிருவான். யோசிச்சான்னா கையக் கீழ போட்டிருவான். முந்துன விலை வாயில இருக்கும்போதே அடுத்தத எடுத்திரணும். இருபது வருசப் பழக்கம், எங்கன போகும்?"

ஒன்றரை வருடமாக அவன் அப்படி முந்திக்கொண்டு வர, அவனைப் பிடிக்க மற்ற மூன்று பேரும் இடைவெளியைப் பாதியாகச் சுருக்கியிருக்கிறார்கள். ஒருவரும் உட்கார்ந்து தீர்மானிக்கவில்லை. எட்டுப் பாட்டும் அந்த ஓட்டத்தில்தான் கட்டப்பட்டிருந்தன. படுக்கையில் கிடக்கும் ஆளைத் தினமும் தூக்குகிறவளுக்கு இது புதிதில்லை. ஆறு மாதம் ஒருவரைத் தூக்கினால் என் தோள் அவர் கனத்துக்குப் பழகிவிடும். பிறகு இன்னொருவரைத் தூக்கப் போனால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

அனிஷ் ஹெட்போனைக் கழற்றினான். முகம் சிவந்துதான் இருந்தது. "நான் பாடணும்னா நீங்க எட்டுப் பாட்டையும் திரும்பப் போடணும்லே. போட்டாலும் முதல் ஆல்பம் மாதிரியேதான் இருக்கும். அது ஏற்கனவே இருக்கு." காகிதத்தை சிலுவையிடம் நீட்டினான். "பாடு. கேப்போம்."

சிலுவை எழுந்தான். நல்ல காதில் மட்டும் ஹெட்போனை வைத்துக்கொண்டு அதே பாட்டை எடுத்தான். முதல் வரி முடியுமுன் இரண்டாவது வந்து விழுந்தது. டிரம்ஸ் அதன் தலையில் சரியாக அடித்தது. நடுவில் ஊசி நுழைய இடமில்லை. கீழே கட்டிலில் தாளம் தட்டும் சத்தம், ஜோன்ஸ் விழித்துவிட்டார். ஆனால் கடைசிப் பகுதியில் சிலுவையின் குரல் பிசிறியது. காலையில் ஏலம், மதியம் இந்த மனக்கஷ்டம். பதிவுக்கு ஆகாது.

"நாளைக்குப் பாடட்டும்" என்றேன். "இன்னைக்கு இனி பேச்சும் கூடாது. கிசுகிசுன்னும் பேசாத, அது கத்துறத விடக் கெடுதல்."

"நாளைக்கு சனிக்கிழமை சிஸ்டர்" என்றான். சனிக்கிழமைதான் கரையில் பெரிய ஏலம். ஞாயிற்றுக்கிழமைக்கு மீன் வாங்க ஊரே வரும். ஏலத்துக்குப் போகாதே என்று கேட்க ரெக்ஸுக்கு முகமில்லை.

சிலுவை போனை எடுத்து, கரையில் அவனோடு ஏலம் போடும் மாடக்கண்ணுக்கு ஏதோ தட்டச்சு செய்தான். என்ன எழுதினான் என்று நான் கேட்கவில்லை. ஆவிப் பாத்திரத்தை அவன் முன் வைத்து, தலையில் துண்டைப் போட்டேன்.

மறுநாள் காலை சிலுவை கரைக்குப் போகவில்லை. இருபது வருடத்தில் அவன் இல்லாமல் நடந்த முதல் சனிக்கிழமை ஏலம். ஏழரை மணிவரை உறங்கினானாம். காய்ச்சலா என்று மெட்டில்டா இரண்டு முறை நெற்றியைத் தொட்டுப் பார்த்தாளாம். ஒன்பது மணிக்கு வந்தான். வெந்நீர் கொடுத்தேன், குடித்துவிட்டு மேலே போனான். அனிஷ் அவனுக்கு முன்பே வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு நல்ல காது. சுருதி விலகினால் கையைத் தூக்கி நிறுத்தினான். இரண்டு இடத்தில் நிறுத்தினான். மூன்றாவது பாட்டில் நிறுத்தவே இல்லை.

பன்னிரண்டு மணிக்குள் மூன்றும் முடிந்தன. சென்னைக்கு அனுப்புமுன், பாடியவர் பெயரை எப்படிப் போடுவது என்று கேட்டான் ரெக்ஸ்.

"சிலுவைன்னு போடு. திரேஸ்புரம்னும் சேத்துப் போடு. வேற சிலுவை எவனாவது இருப்பான்."

அப்படியே போட்டு அனுப்பினார்கள்.