மூன்றாவது வரிசைக் குறட்டை

இந்த நகரத்தில் என் தம்பி தூங்காத அரங்கம் இல்லை. நாடகம், நாட்டியம், பாட்டு, பொம்மலாட்டம், எதையும் விட்டுவைத்ததில்லை. சிற்பக் கண்காட்சியில் உட்கார இடம் கிடையாதே, அங்கே என்ன செய்வான் என்று நினைத்தேன். சுவரில் சாய்ந்து நின்றபடியே தூங்கியிருக்கிறான். அவனையும் ஒரு சிற்பமாக நினைத்து ஒரு அம்மாள் சுற்றி வந்து பார்த்துவிட்டுப் போனாளாம்.

பேக்கரியில் அவனுக்கு வேலை. ஊரே புரண்டு படுக்கும் நேரத்தில் இவன் எழுந்து போய் மாவு பிசைவான். அது பொங்கி வந்ததும் உருட்டித் தட்டில் அடுக்கி, நீண்ட மரத்துடுப்பால் அடுப்புக்குள் தள்ளுவான். மதியம் தலையெல்லாம் வெள்ளையாக வீட்டுக்கு வருவான். மனிதனாகப் பிறந்தவன் அதற்குமேல் படுத்துத் தூங்க வேண்டும். இவனோ குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, மாலையானால் கிளம்பிவிடுவான். ஏன்டா இப்படி உடம்பைக் கெடுத்துக்கொள்கிறாய் என்று ஒருநாள் சத்தம் போட்டேன்.

"காலைல இருந்து மாவையே பாத்துட்டு இருக்கேன்கா. சாயங்காலமாவது வேற எதையாவது பாக்க வேண்டாமா?" என்றான்.

நியாயமான கேள்விதான். ஆனால் அவன் எதைப் பார்த்தான்? மெத்தை வைத்த நாற்காலி, சில்லென்ற காற்று, விளக்கையும் அணைத்துவிடுகிறார்கள். அனலில் வெந்த உடம்பு வேறென்ன செய்யும்? கைதட்டல் சத்தத்தில்தான் விழிப்பான். வீட்டுக்கு வந்ததும், "முடிவு பிரமாதம்கா" என்பான். முடிவைத் தவிர வேறெதையும் அவன் பார்த்ததே கிடையாது. நாங்கள் அவனுக்கு மகா ரசிகர் என்று பெயர் வைத்துவிட்டோம்.

அவன் குறட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மெதுவாகத் தொடங்கும், ஏறும், சட்டென்று நிற்கும். அப்பாடா என்று நாம் மூச்சு விடும்போது கடைசியில் ஒரு விசில் வரும். அவன் எங்களோடு தங்க வந்த முதல் வாரமே என் வீட்டுக்காரர் பஞ்சு வாங்கிக் காதில் அடைத்துக்கொண்டார். பாவம், இன்றுவரை எடுக்கவில்லை. நான் ஏதாவது வேலை சொன்னால் மட்டும் பஞ்சைத் தொட்டுக் காட்டுவார்.

இப்படிப்பட்டவனுக்கும் ஒரு பெண் கிடைத்தாள் என்றால் நம்புவீர்களா? ஆஸ்பத்திரியில் இரவு ஷிப்ட் நர்ஸ். ஏதோ ஒரு நாடகத்தில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவள். ஆட்டம் முடிந்ததும் பக்கத்து டீக்கடையில் முழுக் கதையையும் அவனுக்குச் சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. அவள் பார்ப்பாள், இவன் தூங்குவான், பிறகு அவள் சொல்வாள், இவன் வாயைப் பிளந்து கேட்பான். சில நாள் கழித்து அவன் அரங்குக்குப் போனதே டீக்கடைக்காகத்தான் என்பது என் கணிப்பு.

அவளுக்கும் நடிக்க வேண்டும் என்று ஆசை வந்தது. ஒரு சின்னக் குழுவில் வேஷம் கிடைத்தது, பிணமாக. சிரிக்காதீர்கள், முக்கியமான பிணம். நடுக்கூடத்தில் அவளைக் கிடத்திவிட்டுப் பிள்ளைகள் வீட்டுக்காக அடித்துக்கொள்வார்கள். கடைசியில் பிணம் எழுந்து உட்கார்ந்து எல்லோரும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி கேட்கும். இதற்காக அந்த மாதம் முழுவதும் ராத்திரி ஆஸ்பத்திரி, காலையில் ஒத்திகை என்று அலைந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்துப் போயிற்று.

நாடகத்துக்கு முந்தின நாள் எங்கள் சமையலறையில் நின்றுகொண்டு அவனிடம் சொன்னாள். "மத்ததுல எல்லாம் தூங்கிக்கோ. இதுல தூங்கினா, இனிமே என் பக்கத்து சீட் உனக்குக் கிடையாது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் விளையாட்டாகச் சொல்லவில்லை. அவள் போனதும் தம்பி காது சிவக்க என்னிடம் வந்தான். நாடகம் முடிந்ததும் அவளிடம் கல்யாணப் பேச்சை எடுக்கப் போகிறானாம். அதுவரை அவன் விழித்திருக்க வேண்டும், நான் பக்கத்தில் உட்கார்ந்து கிள்ள வேண்டும். சரியான ஆளிடம்தான் வந்தான். நான் பஸ் கண்டக்டர். தூங்குகிறவர்களை எழுப்பி டிக்கெட் கொடுப்பதுதான் என் பிழைப்பு. முழங்கைக்கு மேலே ஒரு கிள்ளு கிள்ளினால் கும்பகர்ணனும் சில்லறை எடுத்து நீட்டுவான்.

மூன்றாவது வரிசையில் இடம். தம்பி கழுத்தில் ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு, கால் வலித்தால் தூக்கம் வராது என்று தன் காலுக்குச் சிறிதான என் வீட்டுக்காரரின் ஷூவைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். விளக்கு அணைந்தது. மேடையில் அவள் வெள்ளைத் துணிக்குள் கிடந்தாள். பிள்ளைகள் சண்டையைத் தொடங்கினார்கள். உண்மையைச் சொன்னால், அன்று எனக்கு இரண்டு ஷிப்ட். எனக்கே கண் சொருகியது.

அப்போது குறட்டை கேட்டது. என் கை என்னைக் கேட்காமலே பாய்ந்து கிள்ளிவிட்டது. தம்பி துள்ளித் திரும்பி என்னைப் பார்த்தான். கண் இரண்டும் முட்டை முட்டையாகத் திறந்திருந்தன. குறட்டை மட்டும் நிற்கவில்லை.

அது மேடையிலிருந்து வந்தது. பிணம் குறட்டை விட்டது.

அழுதுகொண்டிருந்த மூத்த பிள்ளை அடுத்த வசனத்தை மறந்து நின்றான். அங்கங்கே சிரிப்பு கிளம்பியது. ஆனால் டிக்கெட் கிழிக்கும் வாசல்காரர் மேடையைப் பார்க்கவே இல்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு நேராக எங்கள் வரிசைக்கு வந்தார். பழக்கதோஷம். வழக்கமாக வருகிறவர்களும் அதே பழக்கத்தில் எங்கள் பக்கம் திரும்பினார்கள்.

தம்பி மேடையைப் பார்த்தான், டார்ச்சைப் பார்த்தான். பிறகு தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை மூடி, கூரை அதிர ஒரு குறட்டை விட்டான். வருஷக்கணக்காகக் கேட்டவள் சொல்கிறேன், நடிப்பு சுமார்தான். ஆனால் அரங்கமே அவனைப் பார்த்துச் சிரித்தது. அந்தச் சத்தத்தில் மேடைக் குறட்டை நின்றுவிட்டது. வாசல்காரர் அவன் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார். முதல்முறையாக விழித்துப் பார்த்த நாடகத்திலிருந்து என் தம்பியைத் துரத்திவிட்டார்கள்.

நாடகம் தடங்கலின்றி முடிந்தது. கடைசியில் அவள் எழுந்து பேசியபோது நான் மூக்கைச் சிந்தினேன். கைதட்டல் அடங்கவே இல்லை.

வெளியே வந்தால், தம்பி படியில் ஷூவைக் கழற்றிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். நடந்ததை அவளிடம் சொல்லித் தொலை என்றேன்.

"வேணாம்கா. அவளுக்கு இது முதல் நாடகம். தூங்கினது நானாவே இருக்கட்டும்."

முகத்தில் பவுடர் கலையாமல் அவள் வந்தாள். மூன்றாவது வரிசையில் எவனோ குறட்டை விட்டான், வெளியே அனுப்பிவிட்டோம் என்று, கூட நடித்த மூத்த பிள்ளை உட்பட, உள்ளே எல்லோரும் நம்பிச் சொல்லியிருக்கிறார்கள். எவன் என்று அவளுக்கா தெரியாது?

"தூங்கிட்டியா?"

"தூங்கிட்டேன்" என்றான், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவள் குனிந்து அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு கேட்டாள். "அப்ப ஏன் விசில் வரல?"

அவன் தலையை நிமிர்த்தினான்.

"உன் குறட்டை கடைசில விசில் அடிக்கும். எத்தனை நாடகத்துல பக்கத்துல உக்காந்து கேட்டிருக்கேன். இன்னிக்கு அந்தச் சத்தத்துலதான் எனக்கு முழிப்பே வந்துச்சு. விசில் வரட்டும்னு காத்துட்டு படுத்திருந்தேன். வரல." அவள் குரல் இறங்கியது. "தூங்கினது நான்தானே?"

என்னால் பொறுக்க முடியவில்லை. அவன் சட்டைக் கையை மேலே தள்ளி, கன்றிப்போயிருந்த இடத்தைக் காட்டினேன். "இவன் கண்ணே இமைக்கலம்மா. கிள்ளினது வீண்."

அவள் படியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்ததில் பவுடர் கோடுகோடாக வழிந்தது. அவன் ஒரு மாதமாக மனப்பாடம் செய்திருந்த கல்யாணப் பேச்சு எங்கே போயிற்றோ, "கடைசில எழுந்து என்ன பேசின? அதத்தான் நான் பாக்கல" என்றான்.

அவள் சொல்லத் தொடங்கினாள். வீட்டுக்காக அடித்துக்கொள்ளும் பிள்ளைகளைப் பார்த்துப் பேசுகிற அந்த வசனத்தை, படியில் உட்கார்ந்து, அவன் ஒருவனுக்காக மெதுவாகச் சொன்னாள். பாதி வருவதற்குள் அவன் தலை அவள் தோளில் சாய்ந்தது. மெதுவாகத் தொடங்கியது, ஏறியது, நின்றது. அப்புறம் விசில்.

"இதுதான் அவனோடது" என்றாள். தோளை அசைக்காமல் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அக்கா, இவனை நானே எடுத்துக்கட்டுமா?"

"தாராளமா எடுத்துக்கோ" என்றேன். "கூடவே எங்க வீட்டுக்காரர் காதுப் பஞ்சையும் தந்துடறேன்."