தண்ணீர் கொண்டுவந்தவள்

நேற்று உங்கள் வீட்டுக்குள் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டால், ஒருவர் விடாமல் சொல்லிவிடுவீர்களா? அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். வக்கீல் வீட்டிலும் அப்படித்தான் ஆட்டினார்கள்.

அந்த வீட்டுச் சின்னப் பெண்ணுக்குத் தொண்டை அடைப்பான். ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது. அவளோடு பழகியவர்களைத் தேடிப் பிடித்து, நோய் பரவுமுன் மருந்து கொடுப்பது மோப்பக்காரியின் வேலை. சுகாதார ஆபீசில் வைத்த பட்டப்பெயர் அது. காலில் சக்கரம் கட்டியவள். பாதித் தேநீரிலேயே எழுந்துவிடுவாள்.

வக்கீலம்மா அழுது வீங்கிய கண்களோடு பள்ளித் தோழிகள், பாட்டு டீச்சர், மாடிவீட்டுக்காரர் என்று கொட்டினார்.

"வேற யாரும்மா?"

"வேற யாருமே இல்லைங்க."

மோப்பக்காரி ஓட்டமாய் ஓடினாள். எல்லாருடைய தொண்டையிலும் பஞ்சு விட்டுச் சாம்பிள் எடுத்தாள், மாத்திரை கொடுத்தாள். ஒருவருக்கும் இருமல்கூட இல்லை. அப்படியானால் குழந்தைக்கு நோய் வானத்திலிருந்தா குதித்தது? மதியம் வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி அவளைத் தட்டின் முன் உட்காரவிடவில்லை. வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்தாள்.

தையல் மெஷினில் இருந்த கணவர் நிமிர்ந்தார். "தரை தேயுது. ஒரு வாய் தண்ணியாவது குடிச்சியா?"

"வக்கீல் வீட்டுல குடிச்சேன்."

"அடேயப்பா! வக்கீலம்மா கையாலயா?"

"அவங்க எங்க எழுந்திருச்சாங்க? ஒரு பொண்ணு கொண்டாந்து..."

வார்த்தை அறுந்து நின்றது. டம்ளரை வாங்கியிருக்கிறாள், குடித்திருக்கிறாள், திருப்பிக் கொடுத்திருக்கிறாள். வளையல் போட்ட கை நினைவிருக்கிறது. அந்தப் பெண்ணின் முகம் மட்டும் நினைவில் இல்லை. ஊரெல்லாம் ஆள் தேடுகிறவள், எதிரே நின்ற ஆளை விட்டுவிட்டாள். செருப்பை மாட்டினாள்.

"அவளா? அவ வேலைக்காரிங்க" என்றார் வக்கீலம்மா. "நீங்க பழகினவங்களத்தானே கேட்டீங்க?"

"பாப்பாவுக்குச் சாப்பாடு ஊட்டுறது யாரும்மா?"

"அவதான்."

"தூங்க வைக்கிறது?"

"அதுவும் அவதான்."

"எங்க இருக்கா?"

"இப்பதான் போனா. பாலத்துக்கு அந்தப் பக்கம் எங்கேயோ. அப்ப அவகிட்டேர்ந்துதான் எங்க குழந்தைக்கு வந்துச்சா?"

"இங்கேர்ந்து அங்க போயிருக்கலாம், அங்கேர்ந்து இங்க வந்திருக்கலாம். கிருமிக்கு முதலாளி, வேலைக்காரி தெரியாதும்மா. பேரைச் சொல்லுங்க."

பெயர் அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. 'பொண்ணே' என்றுதான் கூப்பிடுவார்களாம்.

பாலத்துக்கு அப்பால், வக்கீல் வீட்டில் வேலை செய்கிற பெண் எங்கே என்று சந்து சந்தாக விசாரித்தாள். தகரக் கதவு ஒன்று ஒரு விரல் அகலம் திறந்தது. டம்ளர் கொடுத்த அதே வளையல் கை.

"எனக்கு ஒண்ணும் இல்லைக்கா. போயிடுங்க."

உள்ளே ஒரு குழந்தை குரைப்பது போல இருமியது.

"உன் மகளா?"

"சளிதான்க்கா. நோய்னு தெரிஞ்சா வேலையை விட்டு நிறுத்திடுவாங்க. அப்புறம் நாங்க எதைத் திங்கிறது?"

இந்தக் கேள்விக்கு மோப்பக்காரியிடம் மாத்திரை இல்லை. "கோபத்தை என் மேல காட்டு, தாயி. குழந்தையோட தொண்டையை மட்டும் பார்க்க விடு."

கதவு திறந்தது. டார்ச் வெளிச்சத்தில் குழந்தையின் தொண்டையில் சாம்பல் நிறப் படலம் தெரிந்தது. கழுத்து வீங்கியிருந்தது. "ஆட்டோ!" என்று அவள் போட்ட கூச்சலில் சந்தே வெளியே வந்தது.

குழந்தைக்கு அன்றே ஊசி மருந்து ஏற்றினார்கள். மூச்சு மெல்லச் சீரானது. தாய்க்கும் சாம்பிள் எடுத்து மருந்து தொடங்கினார்கள்.

மறுநாள் வக்கீலம்மா போன் செய்தார். "இனி கவலையில்லைங்க. வேற ஆள் வெச்சுட்டோம்."

"அந்த வேற ஆளோட பேரு என்னம்மா?"

"பேரா? அதைக் கேக்கலைங்க." மோப்பக்காரி போனை வைத்துவிட்டுப் பொருமிக்கொண்டே அடுத்த தெருவுக்குக் கிளம்பினாள். நோயைச் சொன்னால் பிழைப்பு போகும் என்றிருக்கும் வரை, அவள் எத்தனை கதவைத் தட்டித்தான் என்ன?

ஒருநாள் உங்கள் கதவையும் தட்டுவாள். அதற்கு முன், உங்கள் பாத்திரத்தைத் தேய்க்கிறவரின் பெயரையும் வீட்டையும் இன்றைக்கே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உடம்பு சரியில்லை என்றால் சம்பளம் பிடிக்க மாட்டேன் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். அவள் வந்து கேட்கும்போது, முதலில் அந்தப் பெயரைச் சொல்லுங்கள்.