சேனைப் பசையும் பிசைந்த காகிதமும்

அன்று அந்தச் சேனைக்கிழங்குத் துண்டுகளைப் புளித்தண்ணீரில் ஊறப்போட்ட பிறகு வேகவைத்தேனா, அப்படியே அடுப்பில் ஏற்றிவிட்டேனா? எத்தனை முறை யோசித்தாலும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. போட்டதுபோல ஒரு ஞாபகம் இருக்கிறது. ஆனால் அது அன்றைய ஞாபகம்தானா, கல்யாணமான நாளிலிருந்து செய்துவரும் சமையலின் ஞாபகமா என்பதுதான் தெரியவில்லை.

எல்லாம் ஒரு பணப்பையில் தொடங்கியது. என் கொழுந்தனார் கொழும்பில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறார். குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கியது என்று கேள்விப்பட்டால் அவருக்கு அங்கே இருப்புக்கொள்ளாது. லீவு வாங்கிக்கொண்டு தென்காசிக்கு வந்துவிடுவார். போன ஆனியில் வந்தபோது பெட்டியைத் திறந்ததும் முதலில் அந்தப் பையை எடுத்து என் கையில் கொடுத்தார். மெல்லிய தோல்போலச் சுருக்கம் சுருக்கமாக, தொட்டால் மெத்தென்று இருந்தது.

"மைனி, இது எதுல செஞ்சதுன்னு சொல்லுங்க பாப்போம்."

"ஆட்டுத்தோலா?"

"காயிதம்! ஜப்பான் பட்டு கொண்டாற ஏஜெண்டு குடுத்தாரு. அவுக ஊர்ல நம்ம சேனை மாதிரி ஒரு கிழங்கு இருக்காம். அதைப் பசையாக்கித் தடவி, கசக்கிக் கசக்கிப் பிசைவாவளாம். காயிதம் துணியா ஆயிருமாம்."

பட்டுச் சிப்பத்தில் சுற்றிவந்த வெறும் காகிதமும் ஒரு சுருள் கொண்டுவந்திருந்தார். வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே நார் நாராகத் தெரியும். பள்ளியில் படித்த காலத்தில் சித்திர வகுப்பில் எனக்கு நல்ல பெயர். குழந்தை பிறந்த பிறகு பென்சிலைத் தொட்டதில்லை. அந்தச் சுருளைப் பார்த்ததும் கை பரபரத்தது. பரபரக்கலாமா, பிள்ளையை வைத்துக்கொண்டு இதெல்லாம் தேவையா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் தொட்டேன்.

இளைய மகனுக்கு வறுத்துக் கொடுக்க அத்தை சேனை வாங்கி வைத்திருந்தார்கள். அதில் பாதியைக் கேட்டேன்.

"நல்லாருக்கு போ. தின்ன வாங்குன கெழங்கை இவ காயிதத்துக்கு ஊட்டப்போறாளாம்" என்றார்கள் அத்தை. ஆனாலும் கொடுத்தார்கள்.

கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு நறுக்கினேன். வேகவைத்து, மசித்து, துணியில் வடிகட்டினேன். பசை வழவழப்பாக வந்தது. அதைக் காகிதத்தின் இரண்டு பக்கமும் தடவிக் கொடியில் போட்டேன். சாரல் நாளில் எதுவும் முழுதாகக் காயாது. இந்த வேலைக்கு அதுவே நல்லதாகப் போயிற்று. அரை ஈரத்தில் எடுத்து உருண்டையாகக் கசக்கி, முறுக்குமாவு பிசைவதுபோல உள்ளங்கையால் அழுத்தி, பிரித்து, மறுபடி கசக்கினேன். முதலில் காகிதம் மொரமொரவென்று சத்தம் போட்டது. கசக்கக் கசக்கச் சத்தம் குறைந்தது. கடைசியில் துவைத்துத் துவைத்துப் பழகிய மல் வேட்டிபோல ஊமையாகிவிட்டது. சத்தம் அடங்கினால் தயார் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

பிசையும்போது கை அரித்ததா என்று பிறகு எல்லாரும் கேட்டார்கள். அரித்ததுபோலத்தான் இருந்தது. ஆனால் அரிக்குமோ என்று நினைத்தாலே எனக்கு அரிக்கும்.

அந்தக் காகிதத்தில் குற்றாலத்து அருவியைச் செய்தேன். விளக்குக்கரி பூசிய துண்டுகளைச் சுருக்கத்தோடு பலகையில் ஒட்டினால் பாறையாகிவிட்டது. இலைச்சாறு தேய்த்தவை மரங்கள். தண்ணீருக்குச் சாயமே வைக்கவில்லை. நீளவாக்கில் கிழித்தேன். கிழிந்த ஓரமெல்லாம் மெல்லிய நார் சிலுப்பிக்கொண்டு நின்றது. பார்த்தால் அருவியிலிருந்து பறக்கிற சாரல். நான் செய்ததில் அத்தனை அழகு வரும் என்று நினைக்கவே இல்லை.

ஒட்டிய படத்தைக் கூடத்தில் காய வைத்திருந்தேன். என் கணவர் ஆபீஸில் இருந்தார். கொழுந்தனார் அருவிக்குப் போயிருந்தார். மகள் தூளியில் தூங்கினாள். அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டு உள்ளே போனேன். பாலை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினால், தூளியில் இருந்தவள் தரையில் படத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். எப்படி இறங்கினாள் என்று தெரியவில்லை. வாய் அசைந்துகொண்டிருந்தது. அருவியின் அடிப்பாகத்தைக் காணோம்.

வாயில் விரலை விட்டுத் துழாவினேன். கொஞ்சம்தான் வந்தது. மிச்சத்தை விழுங்கிவிட்டாள். அப்போதுதான் சேனை நினைவுக்கு வந்தது. பக்குவம் தவறினால் பெரியவர்களுக்கே தொண்டை பிடுங்கும் கிழங்கு. இந்தச் சின்னத் தொண்டை வீங்கி மூச்சு அடைத்தால்? நான் போட்ட கூச்சலில் அத்தை ஓடி வந்தார்கள்.

"என்னட்டி, வீடு இடிஞ்ச மாதிரி கத்துதே?"

"பிள்ளை காயிதத்தைத் தின்னுட்டா அத்தை. சேனைப் பசை போட்ட காயிதம்!"

"வேக வைக்க முந்தி புளித்தண்ணியில போட்டியா?"

"தெரியலையே!"

"சேனைய நறுக்குனா கை தன்னால புளிப்பானைக்குப் போவாதா? அது எப்பிடித் தெரியாமப் போவும்?"

அத்தை புளியைக் கரைத்து விரலால் தொட்டு அவள் நாக்கில் வைத்தார்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டு வீறிட்டாள். புளிப்புக்கு அழுகிறாளா, அரிப்புக்கு அழுகிறாளா? எனக்குப் புரியவில்லை. மோர் கொடுத்தோம். குடித்தாள். மறுபடியும் அழுதாள்.

அத்தை என் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு குனிந்து, அருவியில் ஒரு துண்டை உரித்துத் தன் வாயில் போட்டு மென்றார்கள்.

"அத்தை! என்ன செய்யுதிய?"

"சும்மா இரு. அரிச்சா நான் வாயத் தொறந்து சொல்லுவேன். அதுக்குச் சொல்லத் தெரியாதுல்லா."

பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு நான் எதிரில் உட்கார்ந்தேன். அவர்கள் தின்றது மேல்பக்கத்துத் துண்டு, பிள்ளை தின்றது அடிப்பக்கம், பசை ஒரே பதமாக எல்லா இடத்திலும் இருக்குமா என்று தோன்றியது. பிள்ளை கடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே கிழித்து நானும் வாயில் போட்டுக்கொண்டேன். மடியில் அழுகிற குழந்தை, எதிரெதிரே உட்கார்ந்து மெல்லுகிற நாங்கள். அந்த நேரம் பார்த்து ஈரத்தலையும் தோளில் துண்டுமாகக் கொழுந்தனார் உள்ளே வந்தார்.

"என்ன, இன்னைக்கு வீட்டுல சோறு பொங்கலியா? மாமியாளும் மருமவளும் குத்தாலத்தையே தின்னுட்டு இருக்கிய!"

நடந்ததைச் சொன்னதும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. அத்தை நாக்கைப் பல்லில் தேய்த்துப் பார்த்தார்கள், விழுங்கிப் பார்த்தார்கள்.

"உப்பு பத்தல. வேற கொறை ஒண்ணுமில்ல" என்றார்கள்.

எனக்கும் நாக்கு அரிக்கவில்லை. அரிக்குமோ என்று நினைத்தும் அரிக்கவில்லை. மகள் அழுகையை நிறுத்திவிட்டு மறுபடியும் படத்தை நோக்கிக் கையை நீட்டினாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நான் அழுத அழுகையில் அத்தைக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இருந்தாலும் என் கணவர் வந்ததும் குதிரைவண்டி பிடிக்கச் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் தொண்டையைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். மறுநாள் காலையில் பிள்ளைக்குத் துணி மாற்றும்போது அந்த வெள்ளை நார் வெளியே வந்திருந்தது. அதைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்ட தாய் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

படத்தில் மூன்று பேர் தின்ற இடமும் அப்படியேதான் இருக்கிறது. ஒட்டுப்போட வேண்டாம் என்று சொல்லிக் கொழுந்தனாரே கூடத்தில் மாட்டிவிட்டுப் போனார். காகிதம் இன்னும் பாதிச் சுருள் மீதி இருக்கிறது. அதைப் பரண்மேல் வைத்திருக்கிறேன். "ஒன் கை தன்னால போட்டிருக்கும்ட்டி" என்கிறார்கள் அத்தை. இருக்கலாம். ஆனால் தன்னால் செய்கிற கையை நம்பி மறுபடி இறங்க எனக்குத் துணிவில்லை. அரிசிக்கஞ்சி தடவிப் பிசைந்து பார்த்தேன். செதில் செதிலாக உதிர்கிறது. மைதாப் பசைக்குப் பூச்சி வருகிறது.

மகள் இப்போது நடக்கிறாள். மேஜை வரை கை எட்டுகிறது. புளி சேராமல் வெந்து காய்ந்த சேனைப் பசையில் அரிப்பு மிச்சம் இருக்குமா? பிசைந்தாலும் உதிராமல், பிள்ளை வாயில் வைத்தாலும் கெடுதல் செய்யாத வேறு பசை ஏதாவது உண்டா? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். உங்கள் பதில் வந்த பிறகுதான் பரணில் ஏறுவேன்.